பெட்டியை இழுக்க ஒரு வண்டி

மார்ச் 4, புதன்

தேர் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வளையல் கடை, பஜ்ஜிக் கடை, பலூன் சுடுகிற கடை, எல்லோரும். காரமடை மைதானத்தில் நாங்கள் மட்டும் கிடக்கிறோம், ஒற்றைச் செருப்பு மாதிரி.

வண்டி நேற்றுக் காலை செத்துப்போனது. அப்பா சாவியைத் திருப்பினார். உள்ளே ஏதோ ஒடிகிற சத்தம். அவ்வளவுதான். மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் போயிருச்சுங்ணா. இதைச் சரி பண்றதுக்கு வேற வண்டியே எடுத்துக்கலாமுங்" என்றார். அப்பா பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் வேறு வண்டி கேட்டு ரொம்ப நாளாகிறது.

எங்கள் தொழில் ராட்டாந்தூரி. குதிரை, யானை, அன்னம் எல்லாம் சுற்றிவரும், குழந்தைகள் உட்காருவார்கள். நோம்பி, அதாவது கோயில் திருவிழா, நடக்கிற ஊருக்கெல்லாம் அதைக் கழற்றி பிக்கப் வண்டியில் அடுக்கிக்கொண்டு போவோம். வண்டிக்குப் பின்னால் பெட்டி வரும். பெட்டி என்றால் எங்கள் வீடு. தகரச் சுவர், ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், ஓர் அடுப்பு மேடை, கீழே சக்கரம். பெட்டிக்கு இஞ்சின் கிடையாது. யாராவது இழுத்தால்தான் போகும்.

அதில் மூன்று பேர் இருக்கிறோம். அப்பா, சித்தப்பா, நான். சமையலும் டோக்கன் கொடுப்பதும் என் வேலை. ஊர் ஊராகச் சுற்றியதில் எட்டாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து இதுதான்.

ஏப்ரலில் கோத்தகிரி மாரியம்மன் நோம்பி. அதற்குள் மலையேறுகிற வண்டி வந்தாக வேண்டும். அம்மா கோத்தகிரியில் இருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. தெருக் குழாயில் போய் நின்றேன். "ராட்டாந்தூரிக்காரங்க இன்னுமா போகல?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் முழுக்க ஓரியாட்டம், ஓயாத சண்டை. கேஸ் வண்டியா, டீசல் வண்டியா.

சித்தப்பா ஃபோனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறார். "கேஸ் வண்டிதாண்ணா இப்ப எல்லாரும் எடுக்கறாங்க. பொகை இல்ல, சத்தம் இல்ல, செலவு பாதி."

"அப்ப சோறாக்கற சிலிண்டரை மாட்டிட்டு ஓட்டலாமா?" என்றார் அப்பா.

"அது வேற கேஸுண்ணா! பெட்ரோல் பங்குல அடிக்கறது. நீ இன்னும் எந்தக் காலத்துல இருக்கற?"

"டேய் வேலு, கேஸு ஓடும். டீசலு இழுக்கும். ஓடறது வேற, இழுக்கறது வேற. பின்னாடி பெட்டி இருக்குதுல்ல?"

"எங்க இழுக்கப் போறோம்? அன்னூரு, சேவூரு, புளியம்பட்டி. எல்லாம் தோசைக்கல்லாட்ட ரோடு."

கோத்தகிரி என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வெங்காயம் அரிந்துகொண்டே காத்திருந்தேன். அப்பா சொல்லவில்லை. வருஷா வருஷம் போகிற ஊர். கொண்டை ஊசி வளைவுகளில் பழைய வண்டி எப்படி முனகும் என்று அவருக்குத் தெரியாதா? சேவூர் ஞாபகம் இருக்கிறது, கோத்தகிரி ஞாபகம் இல்லையாம்.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன அம்மிணி சொல்ற? கேஸா, டீசலா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க இஷ்டம்ப்பா" என்றேன்.

உங்க இஷ்டம்ப்பா! என் வாயில் வெங்காயத்தைத் திணிக்க.

மார்ச் 7

துவைத்துப் போட்ட பாவாடையை ஆடு தின்றுவிட்டது. வண்டி இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

அப்பா உக்கடத்துக்கு வண்டி பார்க்கப் போனார். ஃபோனை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

தேயிலை ஃபேக்டரி சத்தத்தில் அம்மா கத்திப் பேசினாள். "ஜீவிதா, சாப்ட்டியா கண்ணு? நோம்பிக்கு எந்தத் தேதி ஏறுவீங்க?"

"வந்துருவோம்மா."

"வண்டி கெட்டுப்போச்சுன்னு மாமன் சொல்லுச்சு?"

"வேற பாக்கறாங்க."

"என்ன வண்டி?"

"பாத்துட்டிருக்காங்க."

பிறகு, "உனக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வெச்சிருக்கேன். போன வருசத்துது கை பத்தாது" என்றாள்.

போன நோம்பியில் அம்மா டோக்கன் கவுண்டர் பக்கத்தில் வந்து நின்றாள். பெட்டிக்குள் வரமாட்டாள். இனி அதற்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா ராட்டாந்தூரியை விட்டு வரமாட்டார். "உங்கப்பாவை மப்ளர் போடச் சொல்லு" என்பாள் அம்மா. "போட்டுக்கறேன்னு சொல்லு" என்பார் அப்பா. இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. நான் போய்ப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அதன்பின் நோம்பி முடிகிறவரை அம்மாவோடு மாமன் வீட்டில் இருப்பேன். வருஷத்தில் அவ்வளவுதான்.

டீசல்தான் வேண்டும். பெட்டி கனம். இழுவை முக்கியம். அதற்காகத்தான் சொல்கிறேன்.

மார்ச் 14, சனி

சாதிக் பாய் டீசல் வண்டி கொண்டுவந்தார். உக்கடத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். வண்டி பழுப்பு நிறம், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கிளப்பியதும் மைதானம் முழுக்கப் புகை.

"வண்டியா பாய் இது? செங்கச் சூளை" என்றார் சித்தப்பா.

"தம்பி, மொகத்தைப் பாக்காதே. இழுவையைப் பாரு. மலையையே கட்டி இழுக்கும்."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைக் கட்டி இழுத்துப் பார்க்காமல் வண்டி வாங்கமாட்டோம். பெட்டியில் இருக்கிற ஒரு தட்டைக்கூட இறக்கக் கூடாது. பெட்டியின் நடுவில், வெறும் தரையில், ஒரு பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் வைப்போம். வீட்டுப் பெண் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வருவாள். சொம்பைத் தொடக் கூடாது. கன்னார்பாளையம் ரோட்டு மேடு வரை போய்த் திரும்பிவந்து கதவைத் திறந்தால், சொம்பு அப்படியே இருக்க வேண்டும். நாலு துளி போனால் பரவாயில்லை. வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் தண்ணீர் நிற்காது, அந்த வண்டி பெட்டிக்கு ஆகாது. ராட்டாந்தூரிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பழைய வண்டிக்கு அம்மா உட்கார்ந்தாளாம். இப்போது நான்.

டீசல் வண்டி நன்றாகத்தான் இழுத்தது. கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் உதறியது. கியர் மாற்றும்போது கொஞ்சம். பள்ளத்தில் கொஞ்சம்.

அப்பா கதவைத் திறந்து பார்த்தார். சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. "பரவால்லியே!" என்றார். சாதிக் பாய், "நான் சொல்லல?" என்று தொடையைத் தட்டினார்.

குடிக்கிற குடத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. சாயங்காலம் மறுபடியும் குழாய்க்குப் போனேன். தரை துடைக்கிற துணி ரொம்ப ஈரமாக இருந்ததால் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டேன்.

மார்ச் 15

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொம்பு சிந்தாத வண்டிக்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? "கேஸ் வண்டியும் ஒருக்கா கட்டிப் பாத்துரலாம், வேலு ஆசைப்படறான்" என்கிறார். சித்தப்பா ஆசைப்பட்டால் கட்டிப் பார்ப்பார்களாம்.

குதிரையின் காதுக்கு பெயின்ட் அடித்தேன். கோபத்தில் கண்ணுக்கும் அடித்துவிட்டேன். இப்போது அது ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

கேஸ் வண்டி வந்தது. வெள்ளை. கீறல்கூட இல்லை. ஓட்டிவந்தவர் இறங்கிய பிறகுதான் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது, அவ்வளவு அமைதி. சித்தப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

"தொட்டுப் பாரு ஜீவி. தொடு, கடிக்காது."

நான் தொடவில்லை.

பெட்டியைக் கட்டினார்கள். சொம்பை நடுவில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். கிளம்பியதே தெரியவில்லை. ஜன்னலில் மைதானத்து வேப்பமரம் நகர்ந்ததைப் பார்த்துத்தான் கிளம்பிவிட்டோம் என்று தெரிந்தது. கன்னார்பாளையம் மேட்டில் இஞ்சின் ரொம்பச் சிரமப்பட்டது. அழுகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் உதறவில்லை. மெதுவாக, மெதுவாக ஏறியது. சொம்பில் தண்ணீர் விளிம்பில் நின்று நடுங்கியது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேடு இறங்கித் திரும்பி மைதானத்தின் கேட்டுக்குள் நுழைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பா கதவைத் திறந்தபோது சொம்பில் பாதிதான் இருந்தது.

சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "எப்பிடிண்ணா? வெண்ணெயாட்ட வந்துச்சே வண்டி!"

அப்பா உள்ளே ஏறினார். தரையைப் பார்த்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சுடிதார் மடியிலிருந்து முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"துணி மாத்திக்க அம்மிணி. சளி புடிச்சுக்கும்" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

கேஸ் வண்டியை வாங்குகிறார்களாம்.

"சொம்பு சிந்திருச்சேண்ணா" என்று சித்தப்பாவே கேட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை.

"அது மேட்டுல சிந்துனது. கணக்குல வராது."

என்ன கணக்கு இது? மேட்டில் சிந்தினால்தானே கணக்கு! மேட்டில் சிந்துகிறதா என்று பார்க்கத்தானே மேட்டுக்குக் கூட்டிப்போகிறோம்! இவ்வளவையும் அவர் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன். ரசம் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று நாளாக நான் அப்பாவோடு பேசவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. எப்போதும் பேசாதவளாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். கோபித்துக்கொண்டாலும் அதே மாதிரிதான் இருக்கிறது.

தட்டை 'டங்'கென்று வைத்துப் பார்த்தேன். "கையில பலமில்லியா? மதியம் முட்டை சேத்திச் சாப்புடு" என்றார் சித்தப்பா.

மார்ச் 26, வியாழன்

வண்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். மத்தியானம் காரமடையை விட்டுக் கிளம்பினோம். ஆடுகளுக்கு இனி என் துணி கிடைக்காது. இப்போது அன்னூர் பக்கம் ஒரு சின்ன நோம்பி. வழியெல்லாம் சித்தப்பா ஒரு கையால் ஓட்டினாராம், அப்பா திட்டிக்கொண்டே வந்தாராம். நான் பெட்டிக்குள் இருந்தேன்.

ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. பெட்டி அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மறையும்வரை பார்த்தேன். பிறகு பருப்பு டப்பா விழுந்துவிட்டது, பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கூட்டம் இல்லை. சித்தப்பா கேஸ் அடிக்க வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பங்கில் வரிசை நீளமாக நிற்கிறது என்று இரண்டு தடவை ஃபோன் செய்து புலம்பிவிட்டார். அப்பா பெட்டியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுவிட்டேன்.

"கோத்தகிரிக்கு எப்பப்பா ஏறறோம்?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த வருசம் போகலம்மிணி. மேல கேஸ் பங்கு இருக்கறதா நான் கேள்விப்படல. இருந்தாலும் இந்த வண்டி பெட்டியோட மலை ஏறாது."

"தெரிஞ்சேதான் வாங்குனீங்களா?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யானை பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்த உள்ளூர்க் கூலி ஆள் திரும்பிப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ சொம்பைக் கவுத்தது எனக்குத் தெரியும். தரை காஞ்சு கெடக்குது, உன்ற துணி நனைஞ்சிருக்குது. மடியில எடுத்து ஊத்துனாத்தான் அப்பிடி இருக்கும்."

உள்ளே ஓடிவிடலாம் என்று எழுந்தேன்.

"இரு. உங்கம்மாளும் ஒருக்கா கவுத்திருக்கா."

நின்றுவிட்டேன்.

"அந்தப் பழைய வண்டி வாங்கறப்ப. அதுவரைக்கும் ஒத்தக்கால்பாளையத்துல வாடகை வீட்டுலதான் இருந்தோம். இந்தப் பெட்டியக் கட்டி, வண்டி பாத்து, இனிமே ஊர் ஊராப் போலாம்னு நான்தான் சொன்னேன். அவ ஒண்ணுஞ் சொல்லல. உன்னைய மடியில வெச்சுக்கிட்டு உள்ள உக்காந்து வந்தா. தொறந்து பாத்தா சொம்பு காலி. கேட்டதுக்குப் புள்ள தட்டி உட்டுருச்சுன்னா. நீ தூங்கிட்டிருந்த."

"அப்புறம்?"

"அப்பறம் என்ன? கண்டுக்காத மாதிரி வாங்கிட்டேன். அவளும் அதுக்கப்பறம் எதையும் கவுக்கல. நீ பள்ளிக்கூடத்துல இருந்து நின்ன அன்னிக்கு, துணிய மட்டும் எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டா."

ஈ ஒன்று டீ டம்ளருக்குள் விழுந்தது. அப்பா அதை எடுத்துப் போடவில்லை.

"அன்னிக்கு ஏன்னு கேட்டிருக்கோணும்" என்றார். "கேக்கல. தரையத் தடவிப் பாத்தப்ப உன்னையும் கேக்கல. வாயில வந்துச்சு, கேக்கல. மேல போயி அந்த டோக்கன் கவுண்டருக்குப் பக்கத்துல அவ நிக்கறத இன்னொரு வருசம் பாக்க என்னால முடியாதும்மிணி. அதான் கேஸு, அதான் மேடு கணக்குல வராது, எல்லாம்." தலையைச் சொறிந்துகொண்டார். "சரி. இப்பக் கேக்கறேன். நீ ஏன் கவுத்த?"

பெட்டி கனம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். இழுவை என்று சொல்லலாம். வாய் வரை வந்தது.

"அம்மாவைப் பாக்கோணும்" என்றேன்.

அவ்வளவுதான். அதைச் சொல்ல இவ்வளவு நாள்.

அப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்கம்மாளப் பாக்க எதுக்குடி பெட்டிய இழுத்துட்டுப் போகோணும்? மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறுனா எறக்கி உடறான்."

எனக்குப் பதினாறு வயது. ஒரு பஸ்ஸில்கூட நான் தனியாக ஏறியதில்லை. நான் போகிற இடத்துக்கெல்லாம் பெட்டி வந்திருக்கிறது. பெட்டி வராத இடத்துக்கு நான் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீசலுக்காக நான் பட்ட கோபமெல்லாம், அந்த நனைந்த துணி, பிழிந்த துணி, கண் மூடின குதிரை!

"நீங்க வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"தூரிய யாரு பாக்கறது?" என்றார் அப்பா, கூட்டமே இல்லாத ராட்டாந்தூரியைப் பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 2

சித்தப்பா பஸ் ஏறுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "கண்டக்டர் வந்து எங்கன்னு கேப்பாரு. அப்ப உங்க இஷ்டம்ங்கன்னு சொல்லிராத."

ஏப்ரல் 12, ஞாயிறு. கோத்தகிரி

மாமன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். புது ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். கை சரியாக இருக்கிறது.

காலையில் சித்தப்பா மேட்டுப்பாளையம் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் புறப்படும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்று, "எறங்குனதும் ஃபோன் பண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்டக்டர் கேட்டபோது கோத்தகிரி என்றேன். காதில் விழவில்லை போல. மறுபடி, "கோத்தகிரி" என்று சத்தமாகச் சொன்னேன். முன்சீட்டில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்தது.

முதல் வளைவில் பஸ் திரும்பியபோது என்னை அறியாமல் பின்னால் பார்த்தேன். பெட்டி வருகிறதா என்று பார்க்கிற பழக்கம். ஒரு காய்கறி லாரிதான் வந்துகொண்டிருந்தது.

அம்மா பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். நான் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் பார்த்தாள். "அவிய எங்க? வண்டி எங்க?"

"கீழ இருக்குதும்மா. பெட்டி ஏறாது. கேஸ் வண்டி."

"தனியாவா வந்த?"

"ஆமா."

அம்மா என் தலையைத் தடவினாள். மாமன் ஊருக்குப் போகிற மினி பஸ் நின்றுகொண்டிருந்தது. என் பையை வாங்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். நடந்துகொண்டே கேட்டாள்: "சொம்பு வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"உள்ள யாரு உக்காந்தா?"

"நான்தான்."

அம்மா நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். எதைப் பார்த்தாளோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "கவுத்துட்டியா? அடிப்பாவி! உங்கப்பா கண்டுபுடிச்சாரா?"

"கண்டுபுடிச்சுட்டாரு."

"திட்டுனாரா?"

"இல்ல. ஏன் கவுத்தேன்னு கேட்டாரு."

அம்மாவின் சிரிப்பு மெதுவாகப் போனது. மினி பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏனுங்க்கா, வர்றீங்களா இல்லியா?"

"ஏன்னு கேட்டாரா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. உன்னையும் கேட்டிருக்கோணும்னு சொன்னாரு."

டிரைவர் இன்னொரு முறை ஹாரன் அடித்தார். அம்மா என் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்க" என்று டிரைவரிடம் கையை ஆட்டினாள். "நாங்க அடுத்த பஸ்ஸுல வர்றோம்."